ஏஜென்ட் நண்பர்களுக்கு, கிளெய்ம் மேசையிலிருந்து

ஊர் ஊராகப் போய்ப் பாலிசி போடும் ஆயுள், மருத்துவக் காப்பீட்டு முகவர்களுக்கு,



புரொபோசல் படிவத்தில் உடல்நலக் கேள்விகள் வரும் பக்கத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, ஆபரேஷன் ஏதும் ஆனதா, தினமும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, வேறு கம்பெனியில் பாலிசி இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம். மேலிருந்து கீழ்வரை எல்லாமே ‘இல்லை’. ஒரே பேனா, ஒரே சாய்வு, மூச்சுவிடாமல் போட்ட டிக். கடைசியில் பாலிசிதாரரின் கையெழுத்து மட்டும் வேறு பேனாவில் இருக்கும். கிளெய்ம் பிரிவில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு குடும்பத்துக்குப் பணம் கிடைக்குமா கிடைக்காதா என்பது பெரும்பாலும் அந்தப் பக்கத்தை நீங்கள் நிரப்பிய சாயங்காலமே முடிவாகிவிடுகிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

சண்டைக்கு வரவில்லை. கம்பெனியின் விளம்பரத்தை நம்பிப் பாலிசி எடுத்தவர்களைவிட, ‘நம்ம தம்பி சொன்னாரு’ என்று எடுத்தவர்களே நம் ஊர்களில் அதிகம். மார்ச் மாத டார்கெட் நெருக்கும்போது உங்கள் மேல் விழும் அழுத்தமும் எனக்குத் தெரியும். ஆனால் மக்கள் உங்களிடம் கேட்கும் கேள்விகள் ஏழெட்டுதான். அவையே திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்குச் சரியான பதில் சொன்னால் எங்கள் மேசைக்கு வரும் வம்புகளில் பாதி வராது.

முதல் கேள்வி எப்போதும் இதுதான்: “சுகர் இருக்குன்னு எழுதினா பாலிசி கொடுக்க மாட்டாங்களாமே தம்பி?” உங்களில் பலர் சொல்லும் பதில்: “அதெல்லாம் எழுத வேணாம்க்கா, நான் பாத்துக்கிறேன்.” என்ன பார்த்துக்கொள்வீர்கள்? அந்த அக்கா ஒருநாள் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போவார். டியூட்டி டாக்டர் கேட்பார்: “சுகர், பிரஷர் ஏதாவது இருக்கா? எத்தனை வருஷமா?” பதற்றத்தில் இருக்கும் மகன் உள்ளதைச் சொல்வான். சொல்லத்தான் வேண்டும், வைத்தியம் அதை வைத்துத்தான் நடக்கும். “பத்து வருஷமா சுகர் இருக்கு, மாத்திரை சாப்பிடுறாங்க.” அந்த ஒரு வரி கேஸ் ஷீட்டில் ஏறும், டிஸ்சார்ஜ் சம்மரியில் முதல் பத்தியாக வரும். கிளெய்ம் பார்க்கிறவர் முதலில் படிப்பது ஆபரேஷன் விவரத்தை அல்ல, அந்தப் பத்தியைத்தான். பாலிசி வயது இரண்டு வருடம், சர்க்கரையின் வயது பத்து வருடம், படிவத்தில் ‘இல்லை’. அதற்கு மேல் அவர் யோசிக்க ஒன்றும் இல்லை. பாலிசியே ரத்தாகவும் கூடும்.

இதில் வேதனை என்னவென்றால், உண்மையை எழுதியிருந்தால் பெரும்பாலும் பாலிசி கிடைத்திருக்கும். பிரீமியம் கொஞ்சம் கூடியிருக்கும், ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் முன்பு நான்கு ஆண்டு வரை இருக்கலாம் என்றிருந்தது. 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் 36 மாதம்தான். மூன்று வருடம் பொறுத்தால் அதே சர்க்கரையால் வரும் சிக்கலுக்கும் பணம் கிடைத்திருக்கும். அறுபத்தைந்து வயதுக்கு மேல் புதிதாக மருத்துவ பாலிசி கிடையாது என்ற பழைய பேச்சும் அதே ஆண்டில் போய்விட்டது. இன்னும் சிலர் அதையே சொல்லிப் பெரியவர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

“எனக்கே தெரியாம உடம்புக்குள்ள இருந்த வியாதிக்கு என்ன பண்றது?” என்றும் கேட்பார்கள். நியாயமான பயம். விதி கேட்பது தெரிந்ததைத்தான்: பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் டாக்டர் கண்டறிந்த நோய், அல்லது சிகிச்சை எடுத்துக்கொண்ட நோய். தெரியாததை யாரும் எழுத முடியாது என்று தைரியம் சொல்லுங்கள்.

உங்கள் வட்டத்தில் உலவும் ஒரு குறுக்குவழி எனக்குத் தெரியும். “மூணு வருஷம் ஓட்டிட்டா போதும், அப்புறம் கம்பெனி வாயைத் திறக்க முடியாது.” ஆயுள் பாலிசியைப் பொறுத்தவரை சட்டம் அப்படித்தான் இருக்கிறது. 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பிறகு, மூன்று ஆண்டு கடந்த பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும் கேள்வி கேட்க முடியாது என்கிறது. மருத்துவ பாலிசிக்கு அந்தக் கெடு 60 மாதம். அதற்குப் பிறகும் மோசடி என்று நிரூபித்தால் மறுக்கலாம். ஆனால் இந்தச் சட்டம் நேர்மையாக எழுதி ஏதோ விட்டுப்போனவரைக் காப்பாற்ற வந்தது. அதை நம்பி நோயை மறைப்பவர், மூன்று வருடத்துக்குள் நான் சாக மாட்டேன் என்று பந்தயம் கட்டுகிறார். அந்த மூன்று வருடத்துக்குள் இறந்தவர்களின் கோப்புகள்தான் எங்களிடம் விசாரணைக்கு வரும். பந்தயத்தில் தோற்பது நீங்கள் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

கோர்ட்டுக்குப் போனால் ‘ஏஜென்ட்தான் நிரப்பினார், நான் வெறும் கையெழுத்துப் போட்டேன்’ என்று தப்பிக்கலாமா? 2019-இல் உச்ச நீதிமன்றம் ஒரு ஆயுள் காப்பீட்டு வழக்கில் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அங்கே மறைத்தது நோயைக்கூட இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் வேறு கம்பெனியில் எடுத்த இன்னொரு பாலிசியை. கையெழுத்துப் போட்டவர் படித்துப் பார்த்துப் போட்டதாகவே அர்த்தம் என்றாகிவிட்டது. அதற்கு நேர்மாறான வழக்கு ஒன்று 2021 டிசம்பரில் வந்தது. வெளிநாட்டுப் பயணத்துக்காக மெடிக்ளெய்ம் எடுத்த ஒருவர் தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதை எழுதியிருந்தார். அமெரிக்காவில் மாரடைப்பு. கம்பெனி பணம் தர மறுத்தது. நோயைத் தெரிந்துகொண்டே பாலிசி கொடுத்துவிட்டு, பிறகு அதையே காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. ‘ஆம்’ என்ற கட்டத்தில் விழுந்த ஒரு டிக்கின் விலை அது.

இன்னொன்று. பாலிசிதாரர் தமிழில் கையெழுத்துப் போட்டாலோ, கைநாட்டு வைத்தாலோ, ‘கேள்விகளை அவருக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சொன்னேன்’ என்று ஒருவர் உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட வேண்டும். பல படிவங்களில் அந்த இடத்தில் இருப்பது முகவரின் சொந்தக்காரர் ஒருவரின் கையெழுத்து. அவர் அந்த வீட்டு வாசலை மிதித்தது கூடக் கிடையாது. தயவுசெய்து இதை நிறுத்துங்கள். கேள்விகளை ஒவ்வொன்றாகத் தமிழில் படித்துக் காட்டப் பத்து நிமிடம் ஆகுமா? பாலிசியின் முக்கிய அம்சங்களைச் சொல்லும் தகவல் தாளையும் வாடிக்கையாளர் கேட்டால் அவர் மொழியிலேயே தர வேண்டும் என்று விதி இருக்கிறது. கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது, “கட்டின பணம் திரும்ப வருமா?” டேர்ம் பாலிசி பற்றிப் பேச்செடுத்தாலே இது வந்துவிடும். வராது என்பதுதான் பதில். அதைச் சொல்லத் தயங்கி நீங்கள் எண்டோமென்ட்டுக்குத் தாவிவிடுகிறீர்கள். தயக்கத்தில் கமிஷனுக்கும் பங்கு உண்டு என்பது ஊரறிந்த ரகசியம். பிரீமியம் பெரிதாக இருந்தால்தானே கமிஷனும் பெரிது. கணக்கைப் பாருங்கள். புகைபிடிக்காத முப்பது வயதுக்காரர் மாதம் ஆயிரத்தைச் சுற்றிக் கட்டினால் ஒரு கோடி ரூபாய்க்கு டேர்ம் பாலிசி கிடைக்கும். அதே தொகையை இருபது வருட எண்டோமென்ட்டில் போட்டால் காப்பீட்டுத் தொகை இரண்டரை லட்சத்தைச் சுற்றி நிற்கும். இரண்டு சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒருவர் இறந்துபோனால், போனஸ் சேர்த்துக் கொடுத்தாலும் இரண்டரை லட்சம் அந்த வீட்டில் எத்தனை மாதம் ஓடும்? எண்டோமென்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையில் காசு தங்காதவருக்கு அது கட்டாயச் சேமிப்பு. ஐந்து ஆறு சதவீதம் போல வளர்ந்து வரும். ஆனால் குடும்பத்துக்குப் பாதுகாப்பு என்று சொல்லி அதை விற்காதீர்கள்.

இதோடு சேர்ந்து வருவது, “முதல் பிரீமியத்தை நீங்களே கட்டிடுங்க தம்பி, பக்கத்துத் தெரு ஏஜென்ட் கட்டுறாராம்.” கமிஷனிலிருந்து தள்ளுபடி கொடுப்பது காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி குற்றம், அபராதம் பத்து லட்சம் வரை போகும். சட்டத்தை விடுங்கள், யாரோ கட்டிய பாலிசியை இரண்டாம் வருடம் எவரும் தொடர்வதில்லை. லேப்ஸ் ஆன பாலிசிகளைப் பார்த்தாலே இது தெரியும்.

மருத்துவ பாலிசியில் மக்கள் ஏமாந்ததாக நினைக்கும் இடம், “மூணு லட்சத்துக்குப் பாலிசி, ரெண்டு லட்சம்தான் பில்லு, ஏன் முழுசா தரலை?” என்பது. ரூம் வாடகைதான் காரணம். இதை உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டாத முகவர்கள் அதிகம். மூன்று லட்சம் பாலிசியில் ரூம் வாடகைக்கு ஒரு சதவீத வரம்பு என்றால் நாளைக்கு மூவாயிரம். அப்பாவுக்கு ஏசி ரூம் வேண்டும் என்று மகன் ஆறாயிரம் ரூபாய் ரூம் எடுக்கிறான். நாலு நாள், 24,000. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 1,20,000. மருந்து, பரிசோதனை 56,000. மொத்தம் இரண்டு லட்சம். ரூமில் கூடுதலாகச் செலவான 12,000 மட்டும் கையிலிருந்து போகும் என்று அவன் நினைத்திருப்பான். ஆனால் வரம்பைப் போல இரண்டு மடங்கு ரூம் எடுத்ததால் டாக்டர் ஃபீஸும் தியேட்டர் செலவும் பாதியாகக் குறையும். மருந்தையும் பரிசோதனையையும் மட்டும் அப்படிக் குறைக்கக் கூடாது என்பது விதி. ஆக 12,000, 60,000, 56,000. கம்பெனி தருவது 1,28,000. கையிலிருந்து 72,000. இதற்கு மேல் கையுறை, முகக்கவசம் வகையறா ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ தனி. ரூம் வரம்பு இல்லாத பாலிசிக்குப் பிரீமியம் கொஞ்சம் கூடுதல் என்று சொல்லி, முடிவை அவரிடமே விடுங்கள். வரம்புள்ள பாலிசியை எடுத்தவருக்கோ, ஆஸ்பத்திரியில் சேரும்போது எவ்வளவு வாடகை ரூம் கேட்க வேண்டும் என்பதைப் பாலிசி கார்டின் பின்னாலேயே பேனாவால் எழுதிக் கொடுங்கள்.

டிஸ்சார்ஜ் நாளில் காலை பத்து மணிக்குப் பெட்டியைக் கட்டிவிட்டு இரவு எட்டு மணி வரை காத்திருந்த அனுபவம் எல்லாக் குடும்பத்துக்கும் உண்டு. 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதற்கு ஒரு கெடு வைத்தது. கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பதில். டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி. அதற்கு மேல் தாமதமானால், அதனால் ஆஸ்பத்திரி போடும் கூடுதல் செலவு கம்பெனியின் தலையில். எல்லா இடத்திலும் இது நடக்கிறதா என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனால் விதியைச் சொல்லிக் கேட்கிறவருக்கும் கைகட்டி நிற்கிறவருக்கும் கவுண்டரில் வித்தியாசம் உண்டு.

“மகன் கம்பெனியிலேயே இன்சூரன்ஸ் இருக்கே?” இருக்கட்டும், நல்லது. வேலை போன அன்று அதுவும் போகும் என்பதை மட்டும் சொல்லுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவரானால் அவருக்கும் குடும்பத்துக்கும் அதில் சிகிச்சை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, ஒரு பைசா பிரீமியம் இல்லாமல் கிடைக்கும். அப்படிப்பட்ட குடும்பத்திடம் அதைப் பற்றி வாயே திறக்காமல் இருபதாயிரம் ரூபாய் பிரீமியத்துக்குப் பாலிசி விற்றவர்களை எனக்குத் தெரியும்.

நாமினி விஷயத்தில் கேள்வியே வராது. அதனால்தான் அதைப் பற்றிச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன் பாலிசி எடுத்த பையன் அம்மாவை நாமினியாகப் போட்டிருப்பான். கல்யாணமாகும், குழந்தை பிறக்கும், நாமினியை மாற்ற வேண்டும் என்ற நினைப்பே வராது. நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர் மட்டுமே என்று 1983-84 காலத்திலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015 திருத்தம் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே உரியது என்றது. இதையும் வாரிசுரிமைச் சட்டத்தையும் மோதவிட்டு வழக்குகள் நடக்கின்றன. நடைமுறையில் பணம் மாமியார் கணக்குக்கு, மருமகள் கோர்ட்டுக்கு. கல்யாணப் பத்திரிகை உங்கள் கைக்கு வரும்போதே நாமினி மாற்றும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். மொய்யோடு அதுவும் போகட்டும். கடன் வாங்கித் தொழில் செய்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் பாலிசி எடுத்தால் அந்தப் பணம் மனைவி, பிள்ளைகளுக்கான அறக்கட்டளைச் சொத்து, கடன்காரர் தொட முடியாது. பாலிசி எடுக்கும்போதே அதற்கான இணைப்பைச் சேர்க்க வேண்டும், பிறகு முடியாது. திருப்பூரிலும் சிவகாசியிலும் தொழில் செய்கிற எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறீர்கள்?

பிரீமியத்தைக் கையில் வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. “வர்ற வழியில நீங்களே கட்டிடுங்க” என்று கொடுப்பார்கள், வாங்காதீர்கள். 1987-இல் ஒருவர் ஜூன் மாதம் முகவரிடம் செக்கைக் கொடுத்தார். முகவர் அதை மாற்றிக் கையில் வைத்திருந்துவிட்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதிதான் அலுவலகத்தில் கட்டினார். பாலிசிதாரர் அதற்கு முந்தைய நாள் விபத்தில் இறந்துவிட்டார். முகவருக்குப் பிரீமியம் வாங்க அதிகாரம் இல்லை, அவரிடம் கொடுத்தது கம்பெனியிடம் கொடுத்ததாகாது என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்று போனிலேயே கட்டலாம். கட்டத் தெரியாத பெரியவருக்கு அவர் முன்னாலேயே கட்டி ரசீதைக் காட்டுங்கள். தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22-இலிருந்து ஜி.எஸ்.டி. இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். வரி சேர்த்து ஒரு தொகையைச் சொல்லி வாங்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கலாம். அதேபோல பாலிசி பாண்டு வந்தால் அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். பிடிக்கவில்லை என்றால் கையில் கிடைத்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை இருக்கிறது. பாண்டு உங்கள் பையிலேயே கிடந்தால் அந்த உரிமை அவருக்கு இருப்பதே தெரியாமல் போகும்.

கடலோர ஊர்களில் வேலை பார்க்கும் முகவர்களுக்குத் தனியாக ஒன்று. கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால், உடல் கிடைக்காதவரை இறந்ததாகக் கொள்ள ஏழு ஆண்டு ஆகும். அதுவரை பிரீமியம் கட்டிக்கொண்டே வர வேண்டும். இடையில் விட்டால் பாலிசி லேப்ஸ் ஆகி, கிளெய்மும் போய்விடும். 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்ன விஷயம் இது. சுனாமி போன்ற பேரிடரில் விதியைத் தளர்த்தினார்கள். தனியாகக் காணாமல் போன ஒருவருக்கு அந்தச் சலுகை இல்லை. காணாமல் போனவருக்கு எதற்குப் பணம் கட்ட வேண்டும் என்று அந்த மனைவி நிறுத்தத்தான் பார்ப்பார். முடிந்தால் நீங்கள் போய் எடுத்துச் சொல்லுங்கள்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் உங்கள் வேலை முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது. ஐம்பது லட்சம் வரையிலான வழக்குகளைக் கேட்பார்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் கூடாது. தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். 155255 என்ற எண்ணில் ஆணையத்தின் புகார்ப் பிரிவையும் கூப்பிடலாம். கடிதம் எழுதத் தெரியாத குடும்பத்துக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கலாமே. உங்கள் கம்பெனிக்கு எதிராக எழுதுவதால் உங்கள் ஏஜென்சி போய்விடாது.

கடைசியாக, உங்களுக்குக் கமிஷன் வராத ஒரு வேலை. உங்கள் பாலிசிதாரர் வீட்டில் சாவு நடந்து, காரியமெல்லாம் முடிந்த பிறகு கிளெய்ம் படிவத்தோடு போவீர்கள் அல்லவா? அப்போது இறந்தவரின் வங்கிப் பாஸ்புக்கையும் வாங்கிப் பாருங்கள். மே கடைசி, ஜூன் மாதத்தில் 436 ரூபாய் பிடித்திருந்தால் பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா. எப்படி இறந்திருந்தாலும் நாமினிக்கு இரண்டு லட்சம். 20 ரூபாய் பிடித்திருந்தால் சுரக்ஷா பீமா. விபத்துச் சாவானால் அதுவும் இரண்டு லட்சம். கணக்கு ஆரம்பிக்கும்போது வங்கியில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டவருக்கே பல சமயம் இது தெரிந்திருக்காது. வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த இரண்டு தொகைகளில் ஏதாவது கண்ணில் பட்டால் நாமினியை அழைத்துக்கொண்டு அதே வங்கிக் கிளைக்குப் போங்கள். படிவம் அங்கேயே கிடைக்கும். இறப்புச் சான்றிதழ், நாமினியின் ஆதார், வங்கிக் கணக்கு விவரம் கையில் இருக்கட்டும். விபத்தென்றால் எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் அறிக்கை நகல்களும் வேண்டும்.

அன்புடன்,
கிளெய்ம் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவன்